ஏதென்ஸ் நகரின் சரியான முகவரி

பண்டைய கிரேக்க, ரோமானிய ஊர்ப்பெயர்கள் எந்த மொழியிலிருந்து வந்தன என்ற கேள்வி பல நூற்றாண்டுகளாகப் பல பல்கலைக்கழகங்களில் இழுபறியாகக் கிடந்தது. அதற்கு முடிவு கட்டப்பட்டது பெங்களூர் நீலசந்திராவில், ஒரு ஓட்டு வீட்டின் முன்னறையில், 1996-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மாலை ஆறரை மணி வாக்கில். முடிவு கட்டியவர் ரெமிஜியஸ். ரயில்வே தபால் பிரிவில் சார்ட்டர். அவை துருக்கி மொழிப் பெயர்கள்.

உலகம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை நாம் மறைக்கப்போவதில்லை. ரெமிஜியஸும் மறைத்ததில்லை. உலகத்துக்கு வேறு வேலை இருந்திருக்கும் என்று அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

அவருடைய ஆராய்ச்சியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவருடைய வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். சிட்டி ஸ்டேஷனை ஒட்டிய தபால் ஆபீஸில் ஒரு பெரிய மர அலமாரி உண்டு. சார்ட்டிங் கேஸ் என்பார்கள். ஏழு வரிசை, வரிசைக்கு ஏழாக நாற்பத்தொன்பது பொந்துகள். ஒவ்வொரு பொந்தும் ஓர் ஊர். அதன் முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கட்டுக்கட்டாக வரும் கடிதங்களை முகவரி பார்த்துப் பொந்துக்குள் எறிவதுதான் சார்ட்டர் வேலை. ரெமிஜியஸ் இருபத்தாறு வருஷம் எறிந்தார். ஒரு கடிதத்துக்கு ஒன்றரை விநாடி. அந்த வேகத்தில் முகவரியை யாரும் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது. "முதல் எழுத்தைப் பாரு, கடைசி எழுத்தைப் பாரு. நடுவுல இருக்கிறது எழுதினவனோட அவசரம்" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

இன்னொரு விதியும் உண்டு. டூட்டி முடியும்போது கையில் ஒரு கடிதம்கூட மிஞ்சக் கூடாது. எந்த ஊர் என்றே தெரியாத கிறுக்கலாக இருந்தாலும் ஏதோ ஒரு பொந்துக்குள் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் ரெமிஜியஸ் கையில் கடிதத்தோடு எழுந்ததில்லை. பின்னாளில் கிரேக்க ஊர்களுக்கு நேர்ந்ததற்கெல்லாம் இந்த இரண்டு விதிகளே காரணம்.

ஆதியில் அவர் துருக்கிப் பக்கம் இல்லை. ஏதென்ஸ் முதல் ரோம் வரை எல்லாம் தமிழ்ப் பெயர் என்றே சொல்லிவந்தார். ஹெட் சார்ட்டர் கெம்பய்யா, இல்லை, அவை கன்னடப் பெயர்கள் என்றார். தினமும் டீ நேரத்தில் இருவரும் மத்தியதரைக்கடலைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரு நாள் சிசிலித் தீவைக் கெம்பய்யா விட்டுக்கொடுத்து, பதிலுக்கு க்ரீட் தீவை வாங்கிக்கொண்டதும் உண்டு. 1991 டிசம்பரில் காவிரித் தண்ணீர் விஷயமாக நகரத்தில் கலவரம் வந்தது. ரெமிஜியஸ் மூன்று நாள் ஆபீஸிலேயே தங்கினார். மூன்று நாளும் கெம்பய்யா தன் வீட்டிலிருந்து அவருக்கு ராகி முத்தை உருண்டையும் சாறும் கொண்டுவந்தார். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஊர்ப்பெயரைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

அறிவு வளர்ச்சி அப்படித் தடைப்பட்டு நிற்பது ரெமிஜியஸுக்குப் பொறுக்கவில்லை. யாருக்கும் மனத்தாங்கல் வராத ஒரு மொழி வேண்டும். சமஸ்கிருதம் என்றால் அக்கவுண்ட்ஸ் பிரிவு கோபித்துக்கொள்ளும், அல்லது சந்தோஷப்படும், இரண்டும் ஆபத்து. பாரசீகம் என்றால் பார்சல் பிரிவில் பாஷா பாய் இருக்கிறார். ஆபீஸ் முழுக்க யோசித்துப் பார்த்ததில் துருக்கிக்காரர் ஒருவர்கூட இல்லை என்பது உறுதிப்பட்டது. அடுத்த ஞாயிறு அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் ஒரு துருக்கி-ஆங்கில அகராதி கிடைத்தது. அதில் எல் எழுத்திலிருந்து ஆர் எழுத்து வரை பக்கங்கள் இல்லை. ஆகவே ரோமைப் பற்றி ரெமிஜியஸ் கடைசிவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆதாரமில்லாமல் பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய சார்ட்டிங் கேஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து முன்னறைச் சுவரில் நிறுத்தினார். பொந்துக்கொரு துருக்கிச் சொல்லை எழுதி ஒட்டினார். கிரேக்க, ரோமானிய ஊர்களைக் கார்டு கார்டாக எழுதி, ஸ்டூலில் உட்கார்ந்து எறிய ஆரம்பித்தார். 'தெபெ' என்றால் குன்று. தீப்ஸ் நகரம் அங்கே விழுந்தது. 'கும்' என்றால் மணல். கடலோரத்துக் கூமே அங்கே. 'கபி' என்றால் வாசல். கப்புவா உள்ளே போயிற்று. 'உஸ்த்' என்றால் மேலே, ஆகவே ஒஸ்தியா. ஒஸ்தியா கடல்மட்டத்தில் அல்லவா இருக்கிறது என்று கேட்டால், அந்தக் காலத்தில் கடல் இன்னும் கீழே இருந்தது என்பார். 'சு' என்றால் தண்ணீர். தண்ணீர் இல்லாத ஊர் உலகத்தில் இல்லையாதலால் அந்தப் பொந்து எப்போதும் நிரம்பி வழிந்தது. நாற்பத்தொன்பதாவது பொந்தில் மட்டும் 'தெரியாதவை' என்று எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு கார்டும் விழுந்ததில்லை. டூட்டி முடியும்போது கை காலியாக இருந்தாக வேண்டும்.

ஏதென்ஸ் கொஞ்சம் படுத்தியது. மூன்று மாலை கையிலேயே வைத்திருந்தார். நான்காம் மாலை, 'அதா' என்றால் முன்னோர், 'இன்' என்றால் குகை என்று அகராதி சொன்னது. அதா-இன். முன்னோர் குகை. கார்டு பறந்தது.

"என்னங்க அது, கடைசியில ஏதென்ஸும் போச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அவர் மனைவி பிரிஜெட். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கான்வென்ட்டில் நான்காம் வகுப்புக்கு ஆங்கில டீச்சர்.

"போச்சு."

"யாரு குகை?"

"அப்பன் பாட்டன் குகை."

"அங்கயும் ஆம்பளைங்க பேருதானா? சரி, கை கழுவிட்டு வாங்க."

பிரிஜெட்டுக்குத் துருக்கியரோடு பகை எதுவும் இல்லை. பகை அந்த அலமாரியோடுதான். அது வந்த நாளிலிருந்து கிறிஸ்துமஸ் குடில் வைக்கச் சுவர் இல்லை. ஐந்து வருஷமாகக் குழந்தை யேசு டி.வி. பெட்டி மேல் பிறந்துகொண்டிருந்தார். அந்த வருஷக் கிறிஸ்துமஸில் யாரோ சானல் மாற்றப்போய் ஓர் ஆட்டுக்குட்டி கீழே விழுந்து கால் உடைந்தது. அன்றைக்கு பிரிஜெட் தன் நிபந்தனையைச் சொன்னார்.

"பதினோரு யுனிவர்சிட்டிக்கு எழுதிட்டீங்க. ஒருத்தனும் பதில் போடலை. இன்னும் ஒரு தடவை எழுதுங்க. அடுத்த டிசம்பர் பதினைஞ்சுக்குள்ள பதில் வந்தா அலமாரி இருக்கட்டும். வரலைன்னா சர்ச் ஹாலுக்குப் போகுது, பாட்டுப் புஸ்தகம் வைக்க. சர்ச்லேர்ந்து கோயில் பிள்ளை வந்து அளந்துட்டும் போயிட்டார்."

"அளந்துட்டாரா?"

"ரெண்டு தடவை."

ரெமிஜியஸ் சிரித்தார். பதில் வராமலிருக்க வழியே இல்லை. ஏதென்ஸில் ஒரு பல்கலைக்கழகம் ஊர்ப்பெயர்களுக்கென்றே ஒரு கருத்தரங்கம் நடத்துகிறது, 1997 ஜூனில், யார் வேண்டுமானாலும் கட்டுரை அனுப்பலாம் என்று ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தார். அறுபத்தொரு பக்கம். ஆஸ்டின் டவுன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அடிக்கக் கொடுத்தார். முதல் பக்கத்தின் தலையில் தன் பெயர், வீட்டு விலாசம், பின்கோடு எல்லாம் ஒழுங்காக அடித்திருந்தது.

ஜனவரியில் உறையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். பக்கத்து ஸ்டூல் உத்தமன் ஒக்கலிபுரத்துக்காரர். இருபது வருஷமாகத் தோளோடு தோள் உட்கார்ந்து எறிகிறவர். உறையை வாங்கிப் பார்த்தார்.

"ரெமிண்ணா, ATA-IN, GREECE. இந்த ஊரு எங்க இருக்குது?"

"ஏதென்ஸ் இருக்கிற எடத்துல."

"அப்ப ஏதென்ஸ்னே எழுதினா இன்னா?"

"உத்தமா, சென்னைன்னு எழுதின தபாலை நீ எந்தப் பொந்துல போடுறே?"

"மெட்ராஸ் பொந்துல."

"மெட்ராஸ்னு எழுதினதை?"

"அதுவும் அங்கதான். ஆனா அதுக்கு சர்க்குலர் வந்துச்சுணா. ரெண்டு பேரும் செல்லும்னு."

"இதுக்கும் வரும்."

"எப்போ?"

"இந்தக் கட்டுரையைப் படிச்சப்புறம்."

உத்தமன் கொஞ்சநேரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படிக்கணும்னா போய்ச் சேரணும். சேரணும்னா சர்க்குலர் வரணும். சர்க்குலர் வரணும்னா படிக்கணும். சும்னே தலை சுத்துதுணா. நான் வேணா பென்சில்ல, ஓரமா, சின்னதா ஏதென்ஸ்னு எழுதிர்றேன்."

"அடுத்தவன் தபால்ல கை வச்சா ரிப்போர்ட் பண்ணிடுவேன்."

"உங்க தபால்தானே?"

"அதான் இன்னும் மோசம்."

"சரி, தபால் கோடாவது போடுங்க. அந்த ஊருக்கும் நம்பர் இருக்குமே."

பின்கோடு என்பது ஊர் தெரியாதவர்களுக்காக இலாகா ஏற்பாடு செய்த ஊன்றுகோல் என்பது ரெமிஜியஸ் தலைமுறைச் சார்ட்டர்கள் அனைவருடைய கருத்து. கால் உள்ளவன் எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்?

உத்தமன் உறையின் பின்பக்கத்தைத் திருப்பினார். "From அட்ரஸும் காணோமே."

"திரும்பி வர்ற தபாலுக்குத்தான் From வேணும். இது திரும்பாது."

இதைத் தலைக்கனம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. அது நம்பிக்கை. ஏதென்ஸில் தன்னைப் போல் ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான், முதல் எழுத்தைப் பார்ப்பான், கடைசி எழுத்தைப் பார்ப்பான், கையில் மிச்சம் வைத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டான் என்று ரெமிஜியஸ் நம்பினார். தன் கையாலேயே அந்த உறையை வெளிநாட்டுப் பைக்குள் எறிந்தார். ஒன்றரை விநாடி.

ஜூன் வந்தது. கருத்தரங்கம் நடந்து முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் வந்தது. "அறுபத்தொரு பக்கம்; நிதானமா படிக்கிறாங்க" என்றார் ரெமிஜியஸ். அக்டோபரில், "குழு போட்டிருப்பாங்க" என்றார். நவம்பரில் கோயில் பிள்ளை மூன்றாம் தடவை வந்து அலமாரியை அளந்தார். அளவு மாறியிருக்குமோ என்று சந்தேகமாம். ரெமிஜியஸ் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். அன்று மாலை ஸ்டூலில் உட்கார்ந்தவர், கையில் எடுத்த கார்டை எறியவில்லை. பிரிஜெட் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினார்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி பகல் டூட்டியில் உத்தமன் எறிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"ரெமிண்ணா. PANKALLE, INDIA. இந்தப் பேருல ஒரு ஊரு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்லை."

"பின்கோடு நம்ம நீலசந்திராது. பேரு உங்க பேரு. ஸ்டாம்பு..." உத்தமன் குரலைத் தாழ்த்தினார். "ஸ்டாம்பு கிரீஸ் நாட்டுதுணா."

ரெமிஜியஸ் உறையை வாங்கினார். கனமான உறை. தன் பெயரைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். பிறகு அதை நீலசந்திரா கட்டு சேரும் பொந்துக்குள் எறிந்தார்.

"இன்னாணா பண்றீங்க? எடுத்துக்கினு போங்க. யாரும் பார்க்கலை."

"டெலிவரிக்குப் போற தபாலை எவனும் தொடக் கூடாது. நாளைக்கு போஸ்ட்மேன் கொண்டுவருவான்."

"பதினோரு மாசமா காத்துக்கினு இருந்தீங்களே."

"அதான். இன்னும் ஒரு நாள்தானே."

மறுநாள் ரெமிஜியஸ் லீவு போட்டார். இருபத்தாறு வருஷத்தில் உடம்பு சரியாக இருக்கும்போது போட்ட முதல் லீவு. ஒன்பது மணியிலிருந்து கேட்டில் நின்றார். பதினொன்றேகாலுக்கு போஸ்ட்மேன் வந்து, "இது எந்த ஊரு பேரு சார், பின்கோடு மட்டும் இல்லேன்னா தூக்கிப் போட்டிருப்பேன்" என்று கொடுத்துவிட்டுப் போனார். அரைநாள் பரீட்சை முடிந்து பிரிஜெட் வரும்வரை ரெமிஜியஸ் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் வந்ததற்கு ஒரு சாட்சி வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

பிரிஜெட் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, வகுப்பில் படிக்கும் குரலில் சத்தமாகப் படித்தார். எழுதியவர் பேராசிரியர் இல்லை. பெயர் ஸ்டாவ்ரோஸ் காரயான்னிஸ். ஏதென்ஸ் தபால் ஆபீஸில், முகவரி விளங்காத கடிதங்களைப் பிரித்து அனுப்பியவரைக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை. கடிதத்தின் சாரம் இது:

'உங்கள் உறை எட்டு ஊர்களுக்குப் போய்விட்டு என் மேஜைக்கு வந்தது. உங்கள் விலாசம் முதல் பக்கத்திலேயே இருந்தது. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அறுபத்தொரு பக்கத்தையும் படித்துவிட்டேன். என் மேலதிகாரி இரண்டு தடவை என்ன செய்கிறாய் என்று கேட்டார். ஐயா, உங்கள் முடிவு முதலிலிருந்து கடைசிவரை தவறு. ஆனால் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் பார்க்கும் இந்த முறை எனக்குப் பழக்கமானது. நீங்கள் தபால் பிரிக்கிறவரா? நான் இருபத்து நாலு வருஷம் பிரித்தேன். இந்திய ஊர்ப்பெயர்கள் எல்லாம் கிரேக்கப் பெயர்கள் என்று நான் நிரூபித்திருக்கிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டு ஊர்கள். உங்கள் பெங்களூரையே பாருங்கள். பான் என்றால் முழுவதும், கல்லோஸ் என்றால் அழகு. முழு அழகூர். அந்தச் சரியான பெயரையே உறைமேல் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் கடிதம் வந்து சேர வேண்டுமே, அதனால் உங்கள் தபால் எண்ணையும் போட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டின் பட்டியல் இத்துடன்.'

பிரிஜெட் நிறுத்தினார். ரெமிஜியஸின் முகம் சிவந்திருந்தது.

"அநியாயம். ரெண்டு எழுத்து ஒத்துப்போச்சுன்னு ஒரு ஊரையே எழுதி வாங்கிக்குவானா? இது ஆராய்ச்சியா? இதுக்கு ஒரு முறை வேண்டாமா?"

பிரிஜெட் அலமாரியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கடிதத்தை மடியில் வைத்தார். நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களுக்கு அந்தப் பொறுமை வந்துவிடுகிறது.

"பேரைப் பாரு, காரயான்னிஸ். 'காரா' துருக்கிச் சொல்லு. கருப்பு. வீட்டு வாசல்லயே துருக்கியை வச்சுக்கிட்டு என்னைத் தப்புங்கிறான்." எழுந்து நடந்தார். ஜன்னல் வரை போய்த் திரும்பினார். "அந்த எடத்தை இன்னொரு தடவை படி."

"எந்த எடம்?"

"அறுபத்தொரு பக்கம்."

பிரிஜெட் படித்தார். "அறுபத்தொரு பக்கத்தையும் படித்துவிட்டேன்."

ரெமிஜியஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளியே தக்காளி வண்டிக்காரன் போய்க்கொண்டிருந்தான்.

"இது யுனிவர்சிட்டி பதில் இல்லையே" என்றார் ரெமிஜியஸ் கடைசியில். நேர்மையான மனிதர். "நீ சொன்னது யுனிவர்சிட்டியை."

"நான் சொன்னது பதில் வரணும்னு. வந்துச்சு. தப்புன்னு சொல்றதும் பதில்தான். எங்க கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்களுக்கு அதான் கிடைக்குது." பிரிஜெட் இப்போதுதான் செருப்பைக் கழற்றினார். "அலமாரி இருக்கட்டும். ஆனா கீழ் வரிசை ஏழு பொந்தும் எனக்கு. குடில் அங்கதான். அந்தக் கார்டையெல்லாம் மேல ஏத்துங்க."

கீழ் வரிசையில்தான் 'சு' இருந்தது. ரெமிஜியஸ் மத்தியதரைக்கடலோரத்து ஊர்கள் அனைத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மேலே ஏற்றினார்.

பதில் எழுத நான்கு நாள் ஆயிற்று. முந்நூற்றுப் பன்னிரண்டு ஊர்களையும் ஒவ்வொன்றாக மறுத்து எழுத வேண்டியிருந்தது. பதினான்காம் தேதி உறையை ஆபீஸுக்குக் கொண்டுவந்தபோது உத்தமன் கை நீட்டி வாங்கிப் பார்த்தார். ATHENS என்று பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்தில் அந்த ஊர்த் தபால் எண். பின்பக்கத்தில் From.

"அதா-இன் இன்னாச்சு?"

"அப்படித்தான் எழுத இருந்தேன். பாவம், சின்ன உத்தியோகத்துல இருக்கிறவன். மனசு கஷ்டப்படும்."

"ஹௌது, ஹௌது" என்று கன்னடத்தில் ஆமோதித்தார் உத்தமன். உறையை இந்தத் தடவை அவரே மிகவும் மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

குடில் ஏழு பொந்துகளில் வந்து அமைந்தது. மூன்றாம் பொந்தில் குழந்தை, இருபுறமும் மாதாவும் சூசையப்பரும். ஒரு கோடியில் கால் உடைந்த ஆட்டுக்குட்டியோடு இடையர்கள். மறுகோடி மூன்று பொந்துகளில் பொந்துக்கு ஒருவராக மூன்று ராஜாக்கள். பிரிஜெட் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். ரெமிஜியஸ் ஸ்டூலில் உட்கார்ந்து ராஜாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க கிழக்கேயிருந்து வந்தாங்கன்னு மட்டும்தானே பைபிள்ல இருக்குது?" என்றார். "எந்த ஊருன்னு போடலையே."

கை தானாக ஒரு வெற்றுக் கார்டைத் தேடியது.

"வேணாங்க" என்றார் பிரிஜெட், திரும்பிப் பார்க்காமல்.

ரெமிஜியஸ் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ராஜாக்கள் விவகாரத்தை ஸ்டாவ்ரோஸுக்கு எழுதிக் கேட்கலாம். அவன் தப்பாகச் சொல்வான். அதிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம்.